ஃபெம்மியின் இருபத்துநான்கு வோல்ட்

எங்கள் ஊரில் நாற்பத்தைந்து வயதுக்குக் கீழே இருக்கும் எல்லோரையும் பிறந்த முதல் வாரம் குளிப்பாட்டியது ஃபெம்மி அத்தைதான். ஊர்க்கூட்டத்தில் யாராவது கொஞ்சம் அதிகமாக நெஞ்சை நிமிர்த்திப் பேசினால் பின்வரிசையிலிருந்து அவர் குரல் வரும்: "தம்பி, உன் முதுகுக்குக் கீழ மச்சம் எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும். சுருக்கமா முடி." முடித்துவிடுவார்கள்.

என்ஸ்கெடே நகரத்தில் மின்பொறியியல் படித்து நான் வாங்கி வந்த பட்டம்தான் எங்கள் வம்சத்திலேயே முதல் பட்டம். அப்பா அதற்குச் சட்டம் போட்டு, பால் கறக்கும் கொட்டகையில், மாடுகளும் பார்க்கட்டும் என்று மாட்டினார். அத்தை வந்து நிதானமாகப் படித்துப் பார்த்தார். "இவனா? மூணு நாள் பால் குடிக்கவே தெரியாம முழிச்சவனாச்சே" என்றார். அதன்பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் விடவில்லை.

எங்கள் ஊர் பெல்ட்ஹூக்கில் தெரு என்றால் வாய்க்கால்தான். நாணல் அறுப்பவர் வீட்டில் ஆறு பிள்ளைகளில் மூன்றாவதாகப் பிறந்தவர் ஃபெம்மி. பனிக்காலம் முழுக்கத் தன் அப்பா அறுத்த நாணலைக் கட்டுக் கட்டாகப் படகில் ஏற்றியவர். இருபது வயதில் பேறுகாலத் தாதியாகப் பயிற்சி முடித்தார். பிள்ளை பெற்ற வீட்டுக்கு எட்டு நாள் போய் தாயையும் சேயையும் பார்த்துக்கொள்கிற வேலை. தினமும் காலை ஏழு மணிக்குப் படகைக் கிளப்பினால் மாலைவரை வாய்க்கால் வாய்க்காலாகச் சுற்றுவார்.

அப்போது அவரிடம் இருந்தது பெட்ரோல் மோட்டார். அது வருகிற சத்தம் அரை மைல் முன்னாலேயே கேட்கும். ஒருநாள் காலை, மூன்று இரவு கண் மூடாத ஒரு தாய் அப்போதுதான் பிள்ளையைத் தூங்கவைத்துத் தானும் தலையைச் சாய்த்திருந்தாள். மோட்டார் வந்து நின்றது. பிள்ளை வீறிட்டது. ஜன்னல் திறந்தது. ஒரு மரச்செருப்பு பறந்து வந்து படகுக்குள் விழுந்தது.

அத்தை அந்தச் செருப்பைக் கழுவித் துடைத்து வாசலில் வைத்துவிட்டு உள்ளே போனார். அன்று மாலையே வீட்டில் கணவர் மெய்னெ மாமாவிடம் சொன்னார்: "கரண்டு மோட்டார் வாங்கணும்."

"அடுத்த தடவை ரெண்டு செருப்பும் வரட்டும், ஜோடியா நம்ம வச்சுக்கலாம்" என்றார் மாமா. அவர் அதிகம் பேசமாட்டார். பேசினால் இப்படித்தான்.

முதலில் வாங்கியது ஒற்றை பேட்டரி, பன்னிரண்டு வோல்ட், சின்ன மோட்டார். வாய்க்காலுக்குள் பூனை மாதிரி போகும். பெரிய ஏரிக்கு வந்து எதிர்க்காற்று பிடித்தால் முன்னால் பார்த்துக்கொண்டே பின்னால் போகும். இருபத்துநான்கு வோல்ட் மோட்டார்தான் வழி என்று தெரிந்தது. இரண்டு பேட்டரிகள், ஒன்றின் மைனஸை இன்னொன்றின் பிளஸ்ஸோடு கோத்துவிட்டு, மிச்சமிருக்கும் இரண்டு முனைகளை மோட்டாருக்குக் கொடுக்க வேண்டும். ஏணி மேல் ஏணி வைத்துக் கட்டுவது மாதிரி. உயரம் கூடும், அகலம் கூடாது. ஒரு ஏணியில் படி உளுத்திருந்தால் மேலே போனவனும் கீழேதான் வருவான்.

அத்தை இதை நூலகப் புத்தகத்தைப் பார்த்துத் தானாகவே செய்தார். எல்லாம் சரியாகத்தான் செய்தார். கடைசித் திருகைத் திருகும்போது ஸ்பேனர் ஒரு முனையிலும், ஸ்பேனரைப் பிடித்த கையின் கல்யாண மோதிரம் இன்னொரு முனையிலும் பட்டது. ஒரு நொடிதான். மோதிரம் அடுப்புக்கரி மாதிரி சிவந்தது. மாமா அவர் கையை முழங்கைவரை வாய்க்காலுக்குள் அழுத்திப் பிடித்துக்கொண்டார். மோதிரத்தைப் பக்கத்து டவுன் மெப்பலில் ஒரு டாக்டர் வெட்டி எடுத்தார்.

வெட்டின மோதிரம் அன்றிலிருந்து சமையலறை ஆணியில் தொங்குகிறது. அத்தை வேறு மோதிரம் போடவில்லை. எங்கள் ஊர் சர்ச்சில் வெறும் விரலைப் பார்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். நாலாவது ஞாயிறு சர்ச் மூத்தவர் ஒருவர் வீட்டுக்குக் கேக்கோடு வந்து, வானிலை, மாட்டுத்தீவனம், புதிய பாட்டுப்புத்தகம் என்று சுற்றிச் சுற்றிப் பேசி, கடைசியில், "மெய்னெயும் நீயும் நல்லாத்தான இருக்கீங்க?" என்றார். அத்தை விரலை மேசைமேல் வைத்துக் காட்டினார். சுற்றிலும் வெள்ளைத் தழும்பு.

"மோதிரத்தைக் கழட்டி ஒளிச்சு வைக்கலாம். இதைக் கழட்ட முடியுமா? கேக்கை வெட்டுங்க."

அதற்குப் பிறகு அவர் பேட்டரிப் பெட்டியைத் தொடும் முறை ஒரு பூசை மாதிரி ஆகிவிட்டது. மூடியைத் திறந்து காற்றாட விடுவார். சுவிட்சை அணைத்து ஃபியூஸைக் கையில் எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார். கைக்கடிகாரத்தைக் கழற்றுவார். ஸ்பேனர்களின் பிடி முழுக்கப் பழைய சைக்கிள் டியூப் மாட்டியிருப்பார். வேலை நடக்காத முனைமேல் ஒரு பழைய தோல் கையுறை கிடக்கும். பிள்ளையைக் குளிப்பாட்டும்போதும் இதே வரிசைதான்: முதலில் கடிகாரம், பிறகு தண்ணீர்ச் சூடு, கடைசியில்தான் பிள்ளை.

இப்போது நான் சொல்ல வந்த மார்ச் மாதத்துக்கு வருகிறேன்.

அத்தைக்கு அறுபத்தாறு வயது. மாதக் கடைசியோடு ஓய்வு. கடைசியாக ஒரே ஒரு பிள்ளை பாக்கி. ஏரிக்கு அந்தப்பக்கம் நாணல் மேட்டில், எங்கள் அண்டைவீட்டு வட்டத்துக்குள்ளேயே, உட்ரெக்ட்டிலிருந்து வந்து குடியேறிய ரென்ஸ்கெயும் தெய்ஸும் இருந்தார்கள். அவர்களுடைய பெண் மிர்தெ நாள் கணக்குக்கு ஏழு வாரம் முன்னாலேயே பிறந்துவிட்டாள். ஸ்வோலே ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஐந்து வாரம். திங்கட்கிழமை பதினோரு மணிக்கு அனுப்பிவிடுவதாகச் சொல்லிவிட்டார்கள். படகுத்துறைவரை கார், அங்கிருந்து அத்தையின் படகு. நுரையீரல் சின்னது, பெட்ரோல் புகை ஆகாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். படகைக் கோல் ஊன்றித் தள்ளிக்கொண்டு போகலாம் என்றால் மார்ச் காற்றில் ஏரியில் கோல் நிற்காது. வாடகைக் கரண்டுப் படகுகள் ஏப்ரல்வரை கரையேறிக் கிடக்கும்.

வெள்ளிக்கிழமை மாலை அத்தையின் பேட்டரி ஒன்று செத்தது. ஒன்பது வருடம் உழைத்த ஜோடி. புதிய ஜோடி வரப் பத்து நாள் ஆகும் என்றார் கடைக்காரர்.

ரென்ஸ்கெ போனில் அழவில்லை. "அப்ப நாங்க உட்ரெக்ட்ல அம்மா வீட்டுக்குப் போயிடுறோம்க்கா. அங்க வேற நர்ஸ் வருவாங்களாம்" என்றாள்.

"திங்கக்கிழமை காலை எட்டு மணிவரைக்கும் எந்த முடிவும் எடுக்காத" என்றார் அத்தை. போனை வைத்துவிட்டு வெகுநேரம் ஆணியில் தொங்கும் மோதிரத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததாக மாமா பிறகு சொன்னார். பாதி ஊரை முதல் வாரம் கையில் ஏந்தியவர், கடைசிப் பிள்ளையைத் தொடாமல் வேலையை முடிக்க வேண்டியிருக்கும். அந்தப் பிள்ளை தன் வீட்டுக் கூரையைப் பார்க்காமல் வேறு ஊருக்குப் போய்விடும்.

எங்கள் பக்கம் அண்டைவீட்டுக் கடமை என்று ஒன்று உண்டு. பிள்ளை பிறந்தால், கல்யாணம் என்றால், சாவு என்றால் வட்டத்து வீடுகள் கேட்காமலேயே கொடுக்கும். வாங்க மறுப்பது முகத்தில் கதவைச் சாத்துவதற்குச் சமம். மூன்று தலைமுறைக்கு நினைவிருக்கும். சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அத்தையின் துறையில் நான்கு பேட்டரிகள் வந்து இறங்கிவிட்டன.

என் அப்பா டிராக்டரிலிருந்தே கழற்றிக் கொண்டுவந்திருந்தார். பக்கத்து வீட்டு யானெஸ் தன் கேரவன் வண்டியின் பேட்டரியைக் கொண்டுவந்திருந்தார். மூன்றாவது பெரெண்ட் கொண்டுவந்தது. நாலாவது ரூலொஃப் கொண்டுவந்தது. பெரெண்டும் ரூலொஃபும் அண்ணன் தம்பி, இருவரும் அறுபதைத் தாண்டியவர்கள், மூன்று வருடமாகப் பேச்சு இல்லை. இருவர் வீட்டுக்கும் நடுவே ஒரு மரப்பாலம். அதைப் பழுது பார்ப்பது யார் என்பதில் சண்டை. பெரெண்ட் தன் பாதிக்குப் புதுப்பலகை போட்டார். ரூலொஃபின் பாதி உளுத்துக் கிடக்கிறது. பாலத்தை யாரும் பயன்படுத்துவதில்லை. இருவரும் துறையில் ஒருவருக்கொருவர் முதுகைக் காட்டியபடி நின்றார்கள்.

"நாலு இருக்கு. எதுக்கு யோசனை? எல்லாத்தையும் கோத்து விடு, பறந்துகிட்டுப் போகும்" என்றார் அப்பா.

"நாப்பத்தெட்டு வோல்ட் குடுத்தா மோட்டார் பறக்கும். நானும் ரென்ஸ்கெயும் ஏரியில கிடப்போம்" என்றார் அத்தை. "எனக்கு ரெண்டு போதும்."

"சரி, ரெண்டு எடு. எந்த ரெண்டு?"

அதுதான் சிக்கல். எந்த இரண்டை எடுத்தாலும் மற்ற இரண்டு பேருக்கு அவமானம். கண்ணை மூடிக்கொண்டு எடுக்கவும் முடியாது.

"புதுசையும் பழசையும் கோத்தா என்னம்மா? எதுவும் இல்லாததுக்கு அது மேல் இல்லையா?" என்று யானெஸ் கேட்டார். எங்கள் ஊர்க்காரர்கள் நல்ல திருகை வைத்துக்கொண்டு புதியது வாங்கமாட்டார்கள். பாதி நன்றாக இருந்தால் மீதியைப் பற்றிக் கவலைப்படமாட்டார்கள்.

"நல்லது கடைசிவரைக்கும் தள்ளும். நோஞ்சான் நடுவுல காலியாயிடும். காலியானதையும் விடாம, நல்லது அதுக்குள்ள தலைகீழாக் கரண்டை ஏத்தும். சூடேறும், உப்பும். பாதி ஏரியில நிக்கும்." அத்தை பாலம் இருக்கும் பக்கம் கையைக் காட்டினார். "பாதி புதுசு, பாதி பழசு. அங்க ஒரு பாலம் கிடக்கே, அது மாதிரி. யாராவது அதுமேல நடக்குறீங்களா?"

பெரெண்ட் தண்ணீரைப் பார்த்தார். ரூலொஃப் சுருட்டிக்கொண்டிருந்த சிகரெட்டிலிருந்து புகையிலை உதிர்ந்தது.

"பட்டம் வாங்குனவனே, மீட்டரை எடு" என்றார் அத்தை என்னிடம். "யாருதையும் நான் ஒதுக்கல. எது எதுக்கு ஆகும்னு மீட்டர் சொல்லட்டும்."

நான்கையும் தனித்தனியாக முழுக்க சார்ஜ் ஏற்றினோம். மதியம்வரை ஆறவிட்டோம். ஒவ்வொன்றையும் அளந்தோம். பிறகு ஒவ்வொன்றிலும் பழைய கார் விளக்கு ஒன்றை ஒரு மணி நேரம் எரியவிட்டு மறுபடி அளந்தோம். நான் அளந்து சொல்ல, அத்தை சுண்ணக்கட்டியால் பேட்டரியின் தலையிலேயே எழுதினார். நான்கு பேரும் வீட்டுக்குப் போகாமல் துறையிலேயே உட்கார்ந்து பட்டாணி சூப் குடித்தார்கள். பிள்ளைகளின் பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கும் அப்பாக்கள் மாதிரி இருந்தது.

அப்பாவின் பேட்டரி விளக்கெரிந்த பிறகு சட்டென்று இறங்கியது.

"என்னுது புதுசுதான்" என்றார் அப்பா, காது சிவக்க.

"புதுசுதான். ஆனா இது ஓட்டப்பந்தயக் குதிரை. டிராக்டரை ஒரே உதைப்புல கிளப்பும். எனக்கு வண்டிமாடு வேணும், மெதுவா நெடுந்தூரம் இழுக்கணும்."

குதிரை என்றதும் அப்பாவுக்குப் போதுமாக இருந்தது.

யானெஸின் பேட்டரி நன்றாகத் தாங்கியது. ஆனால் அளவில் மற்றவற்றில் பாதிதான். இன்னும் இரண்டு இருந்தன. பெரெண்டுடையது சார்ஜுக்குப் பிறகு பன்னிரண்டு புள்ளி ஏழு ஒன்று. ரூலொஃபுடையது பன்னிரண்டு புள்ளி ஏழு பூஜ்யம். விளக்கெரிந்த பிறகும் இரண்டும் அச்சுப் பிசகாமல் ஒரே அளவு இறங்கியிருந்தன. ஒரே நிறம், ஒரே அளவு. நான் குனிந்து மூடியில் குத்தியிருந்த தேதியைப் பார்த்தேன். யோசிக்காமல் சத்தமாகப் படித்துவிட்டேன்.

"ரெண்டும் ஒரே வாரம் செஞ்சது."

பாலச் சண்டைக்கு முந்தின வசந்தத்தில் இருவரும் ஒரே காரில் போய், ஜோடியாக வாங்கினால் விலை குறையும் என்று வாங்கிய பேட்டரிகள் அவை. இருவரும் தங்கள் சின்ன மீன்பிடிப் படகில் ஒரே மாதிரி சனிக்கிழமை மட்டும் பயன்படுத்தியிருக்கிறார்கள், ஒருவரையொருவர் பார்க்காமல் ஒரே ஏரியில்.

"இதுங்க ரெண்டும்தான்" என்றார் அத்தை. "ஒண்ணு மட்டும் குடுத்தா பிரயோஜனம் இல்ல. ரெண்டு பேருக்கும் சம்மதமா?"

"பிள்ளைக்காகத்தான" என்றார் பெரெண்ட், அத்தையைப் பார்த்து.

"என்னுதைத் தாராளமா எடுத்துக்கோ" என்றார் ரூலொஃப், அவரும் அத்தையைப் பார்த்து.

"யானெஸ், உன்னுது தனி. தாயோட கரண்டுப் போர்வைக்கு. அதை இதோட கோக்கமாட்டேன், அது பாட்டுக்குத் தனியா வேலை பாக்கட்டும்." பிறகு என் அப்பாவிடம் திரும்பினார். "நான் பின்னால உக்காந்தா படகு மூக்கைத் தூக்கும். முன்னால இருபத்தஞ்சு கிலோ கனம் வேணும். உன் குதிரை அங்க நிக்கட்டும்."

அப்பா அதன் முனைகளுக்குத் தானே மூடி போட்டு, படகின் மூக்கில் தானே கட்டினார். அந்தப் பயணத்தில் எங்கள் பேட்டரியும் போனது என்று இன்றுவரை எல்லோரிடமும் சொல்கிறார். என்ன வேலை பார்த்தது என்று யாரும் கேட்பதில்லை.

அண்ணன் தம்பி பேட்டரிகள் இரண்டையும் மறுபடி முழுக்க சார்ஜ் ஏற்றி ஆறவிட்டோம். அத்தைக்கு இடுப்பு வலி. தங்கள் பேட்டரியைத் தாங்களே இறக்குவோம் என்று அண்ணனும் தம்பியும் பிடிவாதம் பிடித்தார்கள். படகின் பின்பெட்டி மூடி திறந்தது. ஃபியூஸ் சட்டைப்பைக்குப் போனது.

"ரூலொஃப், சிகரெட்டை அணை. சார்ஜ் ஏறுன பேட்டரி வாயு விடும். பிள்ளை வர்றதுக்கு முன்னால நீ மேல போயிடாத."

அணைத்தார்.

"ரெண்டு பேரும் மோதிரத்தைக் கழட்டுங்க."

பெரெண்ட் கழற்றிக் கால்சட்டைப் பையில் போட்டார். ரூலொஃப் முயன்றார். திருகினார், எச்சில் தொட்டுப் பார்த்தார். அவர் மனைவி இறந்து பதினொரு வருடம். விரல் கணுவில் வீங்கி, மோதிரம் சதைக்குள் உட்கார்ந்துவிட்டது.

"வராது ஃபெம்மி. சோப்புப் போட்டும் பாத்திருக்கேன். மனசாரக் கழட்டணும்னு நெனச்சதும் இல்ல."

அத்தையின் ஒரு கையில் இணைப்புக் கம்பி, இன்னொரு கையில் முனையை மூடிய கையுறை. பக்கத்துப் பலகையில் கறுப்பு டேப் இருந்தது. அவர் தலையை மட்டும் திருப்பினார்.

"பெரெண்ட், என் கை காலியா இல்ல. அதைச் சுத்தி ரெண்டு சுத்து டேப் போடு. தங்கம் வெளிய தெரியக் கூடாது."

பெரெண்ட் டேப்பை எடுத்தார். நுனியைத் தேடிப் பிடிக்கவே நேரமானது. ரூலொஃப் கையை நீட்டினார். விரல்கள் மடிந்திருந்தன.

"விரலை நேரா வை" என்றார் பெரெண்ட்.

மூன்று வருடத்துக்குப் பிறகு தம்பியிடம் அவர் சொன்ன முதல் வார்த்தை அது. ரூலொஃப் நேராக வைத்தார். பெரெண்ட் இரண்டு சுற்று சுற்றினார். பார்த்தார். போதாதென்று மூன்றாவதும் சுற்றினார். பல்லால் கடித்து அறுத்தார்.

"இறுக்கமா இருக்கா?"

"இல்ல."

அவ்வளவுதான். பெரெண்டின் மைனஸிலிருந்து ரூலொஃபின் பிளஸ்ஸுக்கு இணைப்புக் கம்பி போனது. டியூப் மாட்டிய ஸ்பேனரால் ஆளுக்கொரு முனை திருகினார்கள். மிச்ச முனைகள் மோட்டாருக்கு. எல்லாவற்றையும் ஒருமுறை அசைத்துப் பார்த்துவிட்டு அத்தை சட்டைப்பையிலிருந்து ஃபியூஸை எடுத்துக் கடைசியாகப் போட்டார். நான் மீட்டரை வைத்தேன். இருபத்தைந்து புள்ளி நாலு.

"இருபத்துநாலுதான கேட்ட?" என்றார் அப்பா.

"ஒண்ணரை வோல்ட் அண்டைவீட்டுப் பாசம்" என்றார் மெய்னெ மாமா. அன்று அவர் பேசியது அது மட்டும்தான்.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊரில் வேலை கிடையாது. சர்ச் முடிந்ததும் அத்தை கறுப்பு உடையோடு துறைக்குப் போய் மூடியைத் திறந்து மீட்டரைப் பார்த்தார். "பாக்குறது வேலை ஆகாது" என்றார். அளவு இறங்கவில்லை.

திங்கட்கிழமை தென்மேற்குக் காற்று நன்றாகவே அடித்தது. அத்தை எட்டு மணிக்கு ரென்ஸ்கெயைக் கூப்பிட்டு இரண்டு வார்த்தை சொன்னார்: "வீட்டுக்கு வா." பதினொன்றரைக்குப் படகுத்துறையிலிருந்து கிளம்பினார்கள். நாங்கள் நாணல் மேட்டுத் துறையில் நின்று பார்த்தோம். படகு ஏரி நடுவில் அலையில் ஏறி இறங்கியது. சத்தமே இல்லை. காற்றுக்கு எதிராக, நேராக, ஒரே வேகத்தில் வந்தது. பெரெண்ட் இரண்டு முறை கடிகாரத்தைப் பார்த்தார்.

"தாங்கும்" என்றார் பக்கத்தில் நின்ற ரூலொஃப். "என்னுதுல குறை இல்ல."

"நான் சொன்னேனா குறைன்னு?"

படகு துறையில் தொட்டபோது ரென்ஸ்கெ போர்வைக்குள் பார்த்துவிட்டு, "இன்னும் தூங்குறா. கிளம்பினதே தெரியாது அவளுக்கு" என்றாள் மெல்லிய குரலில். தெய்ஸ் பூட்டுச்சாவியோடு வீட்டுக் கதவைத் திறக்க ஓடினான்.

சமையலறை மேசையில் அத்தை கைக்கடிகாரத்தைக் கழற்றினார். தண்ணீரின் சூட்டை முழங்கையால் பார்த்தார். பிறகு மிர்தெயை எடுத்தார். தண்ணீர் பட்டதும் அந்த இரண்டரைக் கிலோ உடம்பிலிருந்து வந்த அலறலில் வெளியே நின்ற அப்பா தொப்பியை எடுத்துவிட்டார்.

"நுரையீரல் நல்லா இருக்கு" என்றார் அத்தை. அவர் கண்ணைத் துடைத்துக்கொள்ளக் கை இல்லை. தோளால் துடைத்தார்.

பிள்ளை பிறந்த வீட்டு வழக்கப்படி ரஸ்க்கில் வெண்ணெய் தடவி இளஞ்சிவப்புச் சோம்பு மிட்டாய் தூவி எல்லோருக்கும் தந்தார்கள். சமையலறையில் ஒரே ஒரு நீள பெஞ்ச்தான். பெரெண்டும் ரூலொஃபும் அதில் உட்கார்ந்து கடித்தார்கள். ரஸ்க் உதிர்ந்தது. ரூலொஃபின் விரலில் அந்தக் கறுப்பு டேப் அப்படியே இருந்தது. முந்தின நாள் சர்ச்சிலும் இருந்தது. மூத்தவர்கள் பார்த்தார்கள், கேட்கவில்லை.

"வேலைதான் முடிஞ்சுதே. அதைப் பிரிச்சு எறிய வேண்டியதுதான?" என்றார் அத்தை, பிள்ளையைத் துவட்டிக்கொண்டே.

ரூலொஃப் விரலைப் பார்த்தார். "இருக்கட்டும்" என்றார். "இன்னும் ஏழு நாள் நீ இங்க வந்து போகணும்ல. நடுவுல கம்பி ஏதாவது தளர்ந்தா இறுக்க வேண்டி வரும்."

"தளர்ந்தா கூப்பிடு, ரெண்டு பேரும் வர்றோம்" என்றார் பெரெண்ட், வாயில் ரஸ்க்கோடு.